டெமராராவின் இரத்தசாட்சி யார்?

வரலாறு கற்பார் நாயகர்தம் பெயர்களை எளிதில் மனங்கொள்வர். அப்பெயர்கள் எவ்வாறு ஏடேறின, வேறு பெயர்கள் ஏன் ஏடேறாது நின்றன என்று வினவுவோர் சிலரே. இவ்வினாவை ஆராயப் புகும் மாணவர்க்கு, 1823 ஆம் ஆண்டிலே தென்னமெரிக்காவின் டெமராரா என்னும் குடியேற்ற நாட்டில் நிகழ்ந்த அடிமைகள் எழுச்சி சிறந்ததொரு பாடமாகும். அவ்வெழுச்சியின் பின் ஒருவர் ‘டெமராராவின் இரத்தசாட்சி’ என இங்கிலாந்தெங்கும் போற்றப்பட்டார். அவர் ஜோன் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அவர் சிறையில் இறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு முன்னரே, அவர் சபையின் மூப்பரும் ஆபிரிக்கருமான ஒரு தச்சர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் சங்கிலியிற் பிணிக்கப்பட்டு வீதியோரத்தில் தொங்கவிடப்பட்டது. குவாமினா என்னும் அத்தச்சரை அக்காலத்தில் இரத்தசாட்சி என்று அழைத்தார் அரியர். அவர் வரலாற்றையும், அவர் பெயர் மறைந்த காரணத்தையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

நாடும் தோட்டமும்

டெமராரா என்பது இன்றைய கயானா நாட்டின் கரையோரப் பகுதி. கடல் பொங்கும் வேளையில் நீர்மட்டத்துக்குக் கீழே அமையும் அத்தாழ்நிலத்தை, அணைகட்டி வாய்க்கால் வெட்டிப் பயிர்நிலமாக்கியவர் ஒல்லாந்தர் என நூல்கள் கூறும். வெட்டிய கைகளோ ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளின் கைகள். நமது இலங்கையின் கரையோரங்களை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய 1796 ஆம் ஆண்டிலேயே டெமராராவும் முதன்முறை அவர் வசமாயிற்று. இடையிலே திருப்பிக் கொடுக்கப்பட்டு, 1803 இல் மீண்டும் கைப்பற்றப்பட்டு, 1814 இல் உடன்படிக்கை மூலம் பிரித்தானியருக்கு உரித்தாயிற்று.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1807 இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அடிமை நிலையையோ தடைசெய்யவில்லை. புதிய அடிமைகளை ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவருதல் நின்றது. இருந்தவர்மீது வேலைச்சுமை ஏறிற்று. பருத்தியும் கோப்பியும் பயிரிட்ட தோட்டங்கள் கரும்புக்கு மாறின. கரும்பை வெட்டிய உடனே சாறு பிழிந்து காய்ச்சுதல் வேண்டுமாதலின், அறுவடைக் காலத்தில் ஆலைகளில் இரவும் பகலும் வேலை நடந்தது. டெமராராப் பகுதியில் அடிமைகள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். வெள்ளையரோ சில ஆயிரவர். சிறுதொகையினர் பெருந்தொகையினரை ஆளப் பயன்பட்ட கருவி சவுக்கு.

தலைநகராகிய ஜோர்ஜ்டவுனுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டி ‘சக்சஸ்’ என்னும் தோட்டம் இருந்தது. அதன் உடைமையாளர் ஜோன் கிளாட்ஸ்டன் என்னும் லிவர்பூல் வணிகர்; பிற்காலத்தில் நான்கு முறை பிரித்தானியப் பிரதம மந்திரியாகிய வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. அவர் தம் டெமராராத் தோட்டங்களை ஒருமுறையேனும் நேரிற் கண்டவரல்லர். நமது சரித்திரத்துக்கு உரிய குவாமினா அத்தோட்டத்தின் தலைமைத் தச்சர்.

தச்சரும் சபையும்

‘குவாமினா’ என்பது ஆபிரிக்காவின் பொற்கரையில் வாழும் ஆக்கான் மக்களிடையே, சனிக்கிழமையிற் பிறந்த ஆண்மகனுக்கு வழங்கும் பெயரின் திரிபு. ஆபிரிக்காவிற் பிறந்து, சிறு பிராயத்திலே தாயுடன் அடிமையாக்கப்பட்ட அவர், தம் இயற்பெயரை விடாது காத்தமை குறிக்கத்தக்கது. அவர் மகனின் பெயரோ ஜக் கிளாட்ஸ்டன். தந்தையின் பெயர் ஆபிரிக்காவைச் சுட்டிற்று. மகனின் பெயர் உடைமையாளரைச் சுட்டிற்று. ஒரு தலைமுறைக்குள் அடிமைமுறை செய்யும் மாற்றம் இவ்விரு பெயர்களிலே விளங்கும்.

சக்சஸ் தோட்டத்துக்கு அயலே ‘லெ ரெசுவெனிர்’ என்னும் தோட்டத்தில், 1808 ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் சங்கத்தார் பெத்தேல் என்னும் சிற்றாலயத்தை நிறுவினர். அவர்களை அழைத்தவர் அத்தோட்டத்தின் ஒல்லாந்த உடைமையாளரே. 1817 ஆம் ஆண்டு ஜோன் ஸ்மித் அங்கு பணியேற்றார். அவர் தேசாதிபதி மறேயைக் கண்டு வணங்கச் சென்றபோது, அடிமை எவனுக்கேனும் வாசிக்கக் கற்பித்ததாகத் தமக்குச் செய்தி எட்டின், அக்கணமே நாட்டினின்றும் வெளியேற்றப்படுவீர் என அத்தேசாதிபதி எச்சரித்தார். வாளையோ துவக்கையோ பற்றி அவர் எச்சரித்திலர். எழுத்தைப் பற்றியே எச்சரித்தார் என்பதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

குவாமினா அச்சபையின் மூப்பருள் ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டார். அயல் தோட்டங்களின் குறைகளைப் பாதிரியாருக்கு எடுத்துரைப்பவரும், சச்சரவுகளைத் தீர்த்து வைப்பவரும் அவரே. எனினும் அம்மதிப்பு தோட்டத்தின் எல்லையிலே நின்றுவிட்டது. 1822 இல் அவர் மனைவி பெகி கடும் பிணியுற்றார். இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியின் அருகில் இருக்க ஒரு நாள் விடுமுறையும் அத்தச்சருக்குக் கிடைத்திலது. ஓர் இரவு வேலை முடிந்து மனை திரும்பியவர், மனைவி உயிர் நீத்துக் கிடக்கக் கண்டார். இச்செய்தியை ஸ்மித் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

சபைக்குச் செல்வதும் எளிதாயிருக்கவில்லை. 1823 மே மாதத்தில், தோட்டத்துரையின் அனுமதிச் சீட்டின்றி அடிமைகள் ஆலயம் செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், தில்லை செல்ல ஆண்டையிடம் விடை வேண்டி நிற்கும் நந்தனாரை நம்மவர் அறிவர். வயல் வேலை முடியும்வரை வழிபாட்டுக்கு விடையில்லை என்னும் அந்நிலை எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

வந்த செய்தியும் வராத செய்தியும்

1823 மே மாதத்தில் பக்ஸ்டன் என்பார் அடிமை நிலையைப் படிப்படியாக ஒழித்தல் வேண்டுமென்று பாராளுமன்றத்திற் பிரேரித்தார். அரசாங்கம் அதனை ஏற்காது, அடிமைகளின் நிலையைச் சீர்செய்வோம் என்று மாத்திரம் தீர்மானித்தது. பெண்களைச் சவுக்கால் அடித்தலாகாது; வயலிலே சவுக்கை ஏந்திச் செல்லலாகாது என்னும் கட்டளைகள் குடியேற்ற நாட்டு மந்திரி பாதேர்ஸ்ற் பிரபுவிடமிருந்து டெமராராவுக்கு வந்தன. தேசாதிபதியும் அவர் சபையாரும் அவற்றை ஆராய்ந்தனர், அடிமைகளுக்கு அறிவிக்கவில்லை.

எழுத்து மறைக்கப்படுமிடத்து வதந்தி வளரும். துரைமார் உணவு மேசையிலே சினந்து பேசியவற்றை வீட்டு வேலைக்காரர் கேட்டனர். செய்தி வாய்க்கு வாய் மாறி, அரசர் தமக்கு விடுதலை அளித்துவிட்டார், துரைமாரே அதனைத் தடுத்து வைத்திருக்கின்றனர் என்னும் நம்பிக்கையாயிற்று. ஜக் கிளாட்ஸ்டன் இச்செய்தியைத் தந்தைக்கு உரைத்தார். குவாமினா பாதிரியாரிடம் சென்று உண்மையை வினவினார். விடுதலை வரவில்லை, சில சீர்திருத்தங்களே வந்துள்ளன, பொறுத்திருத்தல் வேண்டும் என்று ஸ்மித் விடையளித்தார். அடிமைகளின் நம்பிக்கை பிழையாயினும், தமக்கு நன்மையான ஏதோவொன்று வந்து மறைக்கப்பட்டிருக்கின்றது என்ற அவர்தம் ஊகம் முற்றிலும் மெய்யே.

ஓகஸ்ட் 17 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்த பின் சக்சஸ் தோட்டத்தில் ஒரு கூட்டம் கூடிற்று. இளையோர் ஆயுதம் ஏந்துவோம் என்றனர். குவாமினா அதற்கு உடன்படவில்லை. வேலையை நிறுத்துவோம், இரத்தஞ் சிந்துதல் வேண்டாம் என்பது அவர் துணிபு. வேலைநிறுத்தம் என்னும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொழிலாளர் இயக்கங்களோடு தொடர்புபடுத்திக் கற்கும் நாம், தம் உடலுக்குத் தாமே உரியரல்லாத மக்களிடையே 1823 இல் ஒருவர் அதனை முன்மொழிந்தமையை வியந்து நோக்கலாம். ஆயினும் இளையோர் கருத்தே மேலோங்கிற்று. மறுநாள் மாலை எழுச்சி தொடங்கியது.

சிந்திய இரத்தமும் சிந்தாத இரத்தமும்

கிழக்குக் கரையின் தோட்டங்களிலே பதினாயிரம் அடிமைகளுக்குக் குறையாமல் எழுந்தனர் என்பர். வீட்டு வேலைக்காரன் ஒருவன் முன்னரே தன் எசமானுக்குச் செய்தியை வெளியிட்டமையால், தேசாதிபதி தாமே குதிரையேறிப் புறப்பட்டு, வழியிலே எழுச்சியாளர் கூட்டமொன்றைச் சந்தித்தார். நீங்கள் வேண்டுவது யாது என வினவியபோது, எமது உரிமை என்று அவர்கள் விடையிறுத்தனர். ஆயுதங்களைக் கைவிடுமாறு அவர் கூறியதை அவர்கள் ஏற்கவில்லை.

எழுச்சியாளர் செய்தவை யாவை? துவக்குகளைப் பறித்தனர், துரைமாரையும் மேற்பார்வையாளரையும் பிடித்து, அதுகாறும் தாம் பூட்டப்பட்டிருந்த அதே தொழுமரங்களிற் பூட்டினர். வெள்ளையருள் உயிரிழந்தோர் இருவர் மூவரே. ஆண்டாண்டாய் அடிபட்ட ஆயிரக்கணக்கானோர் தம்மை அடித்தவரைக் கையிற் பிடித்துங் கொல்லாது விட்ட இந்நிகழ்ச்சி எளிதில் விளங்கத்தக்கதன்று. இரத்தஞ் சிந்துதல் வேண்டாம் என்ற குவாமினாவின் சொல், அவர் கூட்டத்திலே தோற்றபோதும், மக்கள் கைகளிலே வென்றது எனக் கொள்ளல் பொருந்தும் என்பது எமது கருத்து.

அரசாங்கத்தின் கை அவ்வாறு அடங்கவில்லை. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஓகஸ்ட் 20 ஆம் நாள் ‘பச்சிலர்ஸ் அட்வெஞ்சர்’ என்னும் தோட்டத்திலே ஏறக்குறைய இரண்டாயிரவர் கூடி நின்று, தமக்கு விடுதலை அல்லது ஞாயிறு நீங்கலாக வாரத்தில் மூன்று நாட்களேனும் தருமாறு கேட்டனர். லீகி என்னும் தளபதியின் படையினர் அவர்கள்மீது சுட்டனர். அந்நாளிலும் தொடர்ந்த நாட்களிலும் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் விசாரணைகள் நடந்தன, பலர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் தலைகள் கம்பங்களில் நாட்டப்பட்டன. ஜக் கிளாட்ஸ்டன் மரணதண்டனையினின்றும் நீக்கப்பட்டு, செயின்ட் லூசியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

குவாமினா காட்டினுட் புகுந்தார். அவரைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 16 ஆம் நாள், அந்நாட்டு ஆதிக்குடிகளைத் துணைக்கொண்ட தேடற்படையினர் அவரைக் கண்டனர். நிற்குமாறு கூவியும் அவர் நின்றிலர், சுட்டு வீழ்த்தினர். விசாரணையுமில்லை, தீர்ப்புமில்லை. அவர் வாழ்நாளெல்லாம் தச்சுவேலை செய்த சக்சஸ் தோட்டத்தின் முன்னே, போவோர் வருவோர் காணுமாறு அவர் உடல் சங்கிலியில் தொங்கவிடப்பட்டது.

இரு மரணங்கள்

ஜோன் ஸ்மித் ஓகஸ்ட் மாதத்திலேயே கைதாகி, ஒக்டோபரிலிருந்து நொவெம்பர்வரை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார். எழுச்சி தொடங்கிய பின்னர் குவாமினாவைச் சந்தித்தும் அவரைத் தடுத்து வைக்கவோ அதிகாரிகளுக்கு அறிவிக்கவோ இல்லை என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. மன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்து, கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தது. ஈளைநோயால் மெலிந்திருந்த அவர், 1824 பெப்ரவரி 6 ஆம் நாள், முப்பத்து மூன்றாம் வயதிலே சிறையில் உயிர் நீத்தார். தண்டனையை நீக்கும் அரச ஆணை அவர் இறந்த பின்னரே வந்தெட்டிற்று. கூட்டங் கூடுமென்றஞ்சி அதிகாரிகள் அவரை இரவோடிரவாகப் புதைத்தனர்.

இச்செய்தி இங்கிலாந்தை உலுக்கிற்று. விண்ணப்பங்கள் குவிந்தன. யூன் மாதத்தில் புறூம் என்னும் சட்ட வல்லுநர் பாராளுமன்றத்திலே டெமராரா அதிகாரிகளைக் கண்டித்து உரையாற்றினார். அவர் பிரேரணை தோற்றதாயினும், அடிமை ஒழிப்பு இயக்கம் அதனாற் புத்துயிர் பெற்றது. ஸ்மித் பாதிரியார் தம் மக்கள்பாற் கொண்ட அன்புக்காகவே துன்புற்றார். அவருக்குக் கிடைத்த புகழ் அவருக்கு உரியதே. அதனை நாம் குறைத்துரைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஒரு பாதிரியார் சிறையில் இறந்தமைக்காகக் கண்ணீர் விட்ட அந்நாடு, சுடப்பட்டும் தூக்கிலிடப்பட்டும் மாண்ட இருநூற்றுவர்க்கு மேற்பட்டோருள் ஒருவர் பெயரையேனும் ஏன் உச்சரிக்கவில்லை?

ஒரு விடை நிறவேற்றுமை. மற்றொரு விடையும் உண்டு. கல்விக் கழகமொன்றின் மலரில் அதனையே சிறப்பாகக் கூறல் தகும். ஸ்மித்துக்கு நாட்குறிப்பு இருந்தது, கடிதங்கள் இருந்தன, அவற்றை அச்சேற்றச் சங்கம் இருந்தது, வாசிக்க நாடு இருந்தது. குவாமினாவைப் பற்றி நாம் அறிவன யாவும் பிறர் எழுதியவை: பாதிரியாரின் நாட்குறிப்பு, அவரைக் குற்றஞ்சாட்டிய மன்றத்தின் பதிவேடு, தேசாதிபதியின் அறிக்கைகள். இரத்தசாட்சி என்னும் நம் சொல்லில் சாட்சி என்னும் பகுதி உண்டு. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லுக்கும் மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் சாட்சி என்பதே. சாட்சி பகர்வதற்கு வாக்கு வேண்டும். அவ்வாக்கைக் கேட்டு எழுத ஒரு கை வேண்டும். வாசிக்கக் கற்பிக்காதே என்று தேசாதிபதி 1817 இல் இட்ட கட்டளையின் முழுப் பயனும் 1823 இலே விளைந்தது. அடிமைகள் செத்தனர், அவர்கள் சாட்சியும் உடன் செத்தது.

பின் விளைந்தவை

அடிமை ஒழிப்புச் சட்டம் 1833 இல் நிறைவேறி, 1834 ஓகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக் காலம் என்னும் பெயரில் நீடித்த கட்டாய வேலை 1838 இல் முடிவுற்றது. நட்டஈடாக இரண்டு கோடி பவுண் வழங்கப்பட்டது, அடிமைகளுக்கன்று, உடைமையாளருக்கு. இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு ஈடாக ஜோன் கிளாட்ஸ்டன் பெற்றது ஒரு இலட்சம் பவுணுக்கும் அதிகம். விடுதலை பெற்றவரிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்க இயலாதென்று கண்ட அவரே, கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வருவிக்க ஏற்பாடு செய்தார். ‘விற்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்னும் இரு கப்பல்கள் 1838 மே மாதத்தில் அவர்களை ஏற்றி வந்தன. பிற்காலத்தில் சென்னைத் துறையிலிருந்து சென்ற கப்பல்களிலே தமிழரும் அங்கு சென்றனர். அவர்தம் மாரியம்மன் வழிபாடு கயானாவில் இன்றும் நிலவுகின்றது. குவாமினாவின் வரலாறு இவ்வழியாலும் நம்மவர் வரலாற்றைத் தொட்டுச் செல்கின்றது.

கயானா 1966 இல் சுதந்திரம் பெற்றது. ஜோர்ஜ்டவுன் நகரில் தேசாதிபதி மறேயின் பெயர் தாங்கிய வீதி, 1985 இல் குவாமினா வீதி எனப் பெயர் மாற்றப்பட்டது. எழுச்சியில் மாண்டோர்க்கு 2013 இல் அந்நகரின் கடலோரத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 2023 ஓகஸ்டில், எழுச்சியின் இருநூறாம் ஆண்டில், கிளாட்ஸ்டன் வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று மன்னிப்புக் கோரினர். வரலாறு தன் ஏட்டைத் திருத்த இருநூறு ஆண்டுகள் சென்றன.

நாம் கொள்ளத்தக்கது

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள், நமக்கென்ன என்று எவரேனும் வினவுவாராயின், அவர் நமது தேசவழமையைச் சிறிது புரட்டிப் பார்ப்பாராக. ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட அந்நூலிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றுள்ளன. யாழ்ப்பாணத்திலும் மனிதர் மனிதருக்கு உடைமையாயிருந்தனர். இலங்கையில் அந்நிலை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844 இலே தான். டெமராராவின் துரைமார் கொடியவர் என்று கூறி நாம் கை கழுவுதல் இயலாது. அக்காலத்து நம்மவருள் அடிமைப்பட்டிருந்தோரின் பெயர்கள் எத்தனை நமக்குத் தெரியும்? அவர்களுக்கும் குவாமினாக்கள் இருந்திருப்பர். எழுதிய கை இல்லை.

ஆகவே வரலாறு பயிலும் மாணவர் ஓர் ஆவணத்தை வாசிக்கும்போது மூன்று வினாக்களைக் கைக்கொள்வாராக. இதனை எழுதியவர் யார்? எழுத இயலாதிருந்தவர் யார்? எழுதியவர் தம்மையறியாமலே எழுத இயலாதவரைப் பற்றி எதனை வெளியிட்டுள்ளார்? அடக்கியாண்டோர் எழுதிவைத்த ஏடுகளிலிருந்தே, எமது உரிமை என்ற அடிமைகளின் விடை நமக்குக் கிடைத்திருக்கின்றது. பகைவன் ஏட்டிலும் உண்மை ஒளிந்திருக்கும். தேடுவார்க்கே அது புலப்படும்.

பழைய மாணவராகிய நாமும் நம் பங்கை எண்ணுதல் கடன். எழுத்தறிவு நமக்குக் கிடைத்தது. நமக்கு முன்னிருந்த பலர்க்குக் கிடைத்திலது. நம் ஊர்களிலே ஏடேறாத பெயர்களைக் கேட்டறிந்து எழுதிவைக்கத்தக்க முதியோர் இன்னும் உளர். அவர்கள் உள்ளபோதே அப்பணியைச் செய்வோமாக.